அப்பாவுக்கு முதலிலேயே ஏன் எலிக் காய்ச்சல் என்று சொல்லவில்லை?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன். அப்பாவுக்கு 54 வயது, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார், பத்து வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் டவுன் கிளினிக்கில் ரத்தம் எடுத்து டிங்கி பார்த்தார்கள், நெகட்டிவ். வைரஸ் காய்ச்சல்தான் என்று பனடோலும் இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) கொடுத்து அனுப்பினார்கள். ஆறாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது எலி சிறுநீர்க் கிருமி, அதாவது எலிக் காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) என்றார்கள். மூன்று தடவை டயாலிசிஸ் செய்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். சிறுநீரகம் பழையபடி ஆகுமா, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா, தடுப்பூசி உண்டா, மறுபடி வேலைக்குப் போகலாமா என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுத்து முழுக்க ஓடுவது கேட்காத ஐந்தாவது கேள்வி. முதல் கிளினிக்கில் தப்பு செய்தார்களா, இல்லை நான்தான் அப்பாவை மறுநாளே வேறு இடத்துக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டுமா என்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி, அப்போதுதான் எதை எவ்வளவு நம்புவது என்று உங்களுக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தோட்டக் கிளினிக்கில் 31 வருஷம் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். (ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சந்தையில் மீன் வாங்க வருகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்ப்பது, காயம் கட்டுவது, எந்தக் காய்ச்சலை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், எதை உடனே வண்டி ஏற்ற வேண்டும் என்று பிரிப்பது, இதுதான் என் தொழில். உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாள் எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் நான் சொல்வதற்கு மாறாக அவருடைய டாக்டர் ஏதும் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் மூன்று நாள் டிங்கியும் எலிக் காய்ச்சலும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். இரண்டிலும் திடீரென்று குளிர் ஏறும், தலை பிளக்கும், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலிக்கும், சோறு இறங்காது, குமட்டும். நம் ஊரில் டிங்கிதான் அதிகம் என்பதால் எந்தக் கிளினிக்கும் முதலில் அதைத்தான் தேடும். தேடவும் வேண்டும். டிங்கி வந்தவர் காய்ச்சல் விட்டு 'நல்லாயிட்டேன்' என்று எழுந்து உட்காரும் வேளையில்தான் ரத்த அழுத்தம் இறங்கிச் சரிந்து விழுவார். அப்பாவுக்குச் செய்தது பெரும்பாலும் என்.எஸ்.1 சோதனையாக இருக்கும். டிங்கி வைரஸின் ஒரு புரதத்தை ரத்தத்தில் தேடுவது அது. முதல் சில நாட்களில் நன்றாகவே காட்டும். ஆனாலும் டிங்கி இருந்தும் நெகட்டிவ் வருவது உண்டு, முன்பே ஒரு தடவை டிங்கி கண்டவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

எலிக் காய்ச்சலுக்கு இரண்டாம் நாளில் கிளினிக் மேசையில் வைத்தே பார்த்து நம்பக்கூடிய சோதனை கிடையாது. வழக்கமாகச் செய்வது, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை. அது ரத்தத்தில் தலை காட்டவே ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முதல் வாரத்திலேயே பிடிக்கும், ஆனால் அது பெரிய ஆய்வுக்கூடத்து வேலை. இந்த நோய்தான் என்று அடித்துச் சொல்லும் சோதனையான எம்.ஏ.டி.க்கு இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை ரத்தம் எடுத்து, இரண்டாவதில் எதிர்ப்புப் பொருள் நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்போது நோயாளி வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார், அல்லது காரியமே முடிந்திருக்கும்.

ஆகவே இரண்டாம் நாள் எலிக் காய்ச்சல் என்று பெயர் சொல்லாததற்காக அந்தக் கிளினிக்கை நான் குற்றம் சொல்லமாட்டேன். என் வருத்தம் வேறு. டிங்கி நெகட்டிவ் என்றால் அந்தத் தாள் சொல்வது ஒன்றே ஒன்று, இன்றைய ரத்தத்தில் டிங்கி பிடிபடவில்லை என்பது. அதை 'ஒன்றுமில்லை' என்று மொழிபெயர்த்து வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை. அப்பாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. கேட்டிருந்தால், செம்பனை வெட்டுகிறவர், இனிப்பு நீர்க்காரர், முந்தின வாரம் மழை, இந்த மூன்றும் சேர்ந்து இன்னொரு பெயரை நினைவுக்குக் கொண்டு வந்திருக்கும். நாளை மறுநாளும் காய்ச்சல் நின்றால் வாருங்கள், சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நீங்கள் மறுநாளே வேறு இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தால்? மூன்றாம் நாளில் அங்கேயும் அதே பனடோல் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

நானே இதைத் தவற விட்டவன்தான். 1987 கடைசி, மழைக்காலம். மருந்தடிக்கிற வேலை பார்த்த ஒருவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், நாற்பது வயதிருக்கும். இரண்டு கண்ணும் செக்கச் செவேல் என்றிருந்தன. பீளை இல்லை, நீர் வடியவில்லை, வெறும் சிவப்பு. சாயங்காலமானால் சம்சு சாராயம் போடுகிற ஆள் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். "ராத்திரி எவ்வளவு?" என்று கேட்டேன். "இல்லீங்க டிரெசரய்யா, மூணு நாளா வாயில வைக்கல. கெண்டக்கால்தான் வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கெண்டைக்காலில் கை வைத்ததும் பெஞ்சிலிருந்து துள்ளினார். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வலி ஊசி, தேய்க்க எண்ணெய், ஒரு நாள் எம்.சி. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் மனைவி ஓடி வந்தார். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாயில் கிடந்தவரின் கண்ணில் சிவப்பின் மேல் மஞ்சள் பூசி ஆரஞ்சு நிறம் வந்திருந்தது. தோட்டத்து லாரியில் ஏற்றிக் கொண்டு போனோம். பிழைத்துவிட்டார். பீளையில்லாத சிவந்த கண்ணும் தொடவிடாத கெண்டைக்காலும் எலிக் காய்ச்சலின் அடையாளங்கள் என்று நான் பாடத்தில் படித்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கண்ணில் சம்சுவைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு காய்ச்சலோடு வந்த யாருடைய கெண்டைக்காலையும் அழுத்திப் பார்க்காமல் விட்டதில்லை. ஆனால் இந்த இரண்டு அடையாளமும் எல்லாருக்கும் வராது. வந்தால் சந்தேகம் பலமாகும், வராவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. காட்டோரத் தோட்டம் என்றால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியாவையும் சேர்த்து நினைக்க வேண்டும், அதற்கு ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற சோதனை தனி.

காய்ச்சல்களைப் பிரிக்கும் இந்தத் தலைவலி நம் நாட்டில் பழையது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், ஐ.எம்.ஆர். என்றால் உங்களுக்குத் தெரியும், வில்லியம் ஃபிளெட்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார். மலாயாவில் மனிதருக்கு வந்த எலிக் காய்ச்சலை 1925-இல் முதலில் அடையாளம் கண்டவர் அவர்தான். செம்பனைத் தோட்டத்தில் வந்த புதர்க் காய்ச்சலும் (ஸ்க்ரப் டைபஸ், சிற்றுண்ணி கடித்து வருவது) டவுன் கடைக்காரர்களுக்கு வந்த டைபஸும் வேறு வேறு நோய் என்று பிரித்துக் காட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. எனக்கு அவரைப் பிடித்துப் போனது இன்னொரு கதையால். அதற்கு இருபது வருஷம் முன்னால், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி பரவி ஆட்கள் கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிளெட்சர் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபாதிக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பலருக்கு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. தோட்டத்தில் புழுங்கல் சோறு தின்ற நம் ஆட்களுக்குப் பெரிபெரி அவ்வளவாக வராமல், வெள்ளை அரிசி தின்ற ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகளை அது வாரிக்கொண்டு போனதற்கும் காரணம் இதுதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. ஆனால் ஃபிளெட்சர் சோதனை செய்தபோது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது, அது 1912-இல் வந்தது. காரணம் தெரியாமலே எந்த அரிசியைப் போட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

எலிக் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், வேலை, மழை, கண், கால், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சந்தேகம் வந்தாலே டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். லேசாக இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை, வழக்கமாக 100 மில்லிகிராம் காலை மாலை ஏழு நாள். முற்றியிருந்தால் நரம்பு வழியாகப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன். டாக்சிசைக்ளின் புதர்க் காய்ச்சலையும் சேர்த்தே அடிக்கும் என்பதால் தோட்டத்து ஆட்களுக்கு அது ஒரு கல்லில் இரண்டு மாங்காய். முதல் வேளை மருந்து உள்ளே போனதும் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கூடும். செத்த கிருமிகள் உடைந்து சிதறுவதால் வருவது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளுக்குக் கிருமி சாகும் என்பது உறுதி. சிறுநீரகம் நின்றவருக்கு டயாலிசிஸ் உயிர் காக்கும் என்பதும் உறுதி. மஞ்சள் ஏறி முற்றிய பிறகு தொடங்கும் ஆண்டிபயாடிக் எவ்வளவு உதவுகிறது என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நடந்த ஆய்வுகள் சின்னவை, முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. சந்தேகம் இருந்தும் எல்லா டாக்டரும் கொடுக்கிறார்கள், நானாக இருந்தாலும் கொடுக்கத்தான் சொல்வேன்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த டாக்டர் சரியில்லை. காரணம் தெரியாத காய்ச்சலில் டைக்ளோபெனாக் மாதிரி வலி ஊசி கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். டிங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும், எலிக் காய்ச்சலாக இருந்தால் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்தை மேலும் அடிக்கும். 1987-இல் நான் போட்ட அந்த ஊசி இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். பப்பாளி இலைச் சாறு பற்றியும் எழுதியிருந்தீர்கள். டிங்கியில் அது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் கொஞ்சம் ஏற்றியதாகச் சில ஆய்வுகள் உண்டு, நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. உயிரைக் காப்பாற்றியதாக நிரூபணம் இல்லை. எலிக் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. காய்ச்சல் என்றதும் ஹண்ட்ரட் பிளஸ் பானத்தை டப்பா டப்பாவாக வாங்கி ஊற்றுவதும் இனிப்பு நீர்க்காரருக்கு ஆகாது, அதில் சர்க்கரை உண்டு. இன்னொன்று, அப்பா இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது அந்த மாத்திரையைப் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள். எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய பாக்கெட்டை எடுத்து அவராக ஆரம்பித்துவிடக் கூடாது.

சிறுநீரகத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமியால் நின்றுபோகும் சிறுநீரகம் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிடும், சில வாரத்திலேயே. மூன்று டயாலிசிஸோடு நிறுத்திவிட்டார்கள் என்றால் அது நல்ல அறிகுறி. பல வருஷம் கழித்து மெதுவாகத் தளர்கிறதா என்பதில் சந்தேகம் இருக்கிறது. சிலருக்குத் தளர்வதாக ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் இனிப்பு நீர் உள்ளவரிடம் எது எதனால் வந்தது என்று பிரிப்பது லேசான காரியமில்லை. அதனால் மூன்று மாதத்தில் ஒரு தடவை ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதும் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீர் அட்டைக்குச் செய்கிற சோதனைகளிலேயே இது அடங்கும்.

வீட்டில் யாருக்கும் ஒட்டாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவது மிக அபூர்வம். சேர்ந்து சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், கை கழுவினால் போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியது அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது, அதே இடத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. 2010 முதல் இது மருத்துவமனை கட்டாயமாகச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அதனால் இலாகா ஆட்கள் வந்து கேள்வி கேட்டால் பயப்பட வேண்டாம், அப்பா கூட வேலை செய்தவர்களுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருவார்கள்.

எங்கிருந்து வந்திருக்கும்? எலிக்கு இந்தக் கிருமி ஒரு தொந்தரவும் செய்யாது. அதன் சிறுநீரகக் குழாய்களில் குடியிருந்துகொண்டு சிறுநீரோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஈரமண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்ந்தால் செத்துவிடும், உப்புத் தண்ணீரிலும் தாங்காது. மனித உடம்புக்குள் போக அதற்கு வேண்டியது தோலில் ஒரு கீறல், அல்லது கண், மூக்கு, வாய் ஓரத்து ஈரத் தோல். இப்போது செம்பனைக் காட்டை நினைத்துப் பாருங்கள். எலிக்குப் பிடித்த தீனி செம்பனைப் பழம். குலை விழுந்த இடத்தில் சிதறிய உதிரிப் பழத்தை ராத்திரி எலி தின்று அங்கேயே பெய்துவிட்டுப் போகும். காலையில் ஆள் போய் அதே பழத்தை வெறுங்கையால் அள்ளிச் சாக்கில் போடுவார். மட்டை முள் குத்தாத கை தோட்டத்தில் ஏது?

நான் கிளினிக்கை விட்டு வெளியே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு, எந்தப் பாடத்திலும் அதைப் படித்ததில்லை. ஒன்பதரை, பத்து மணிக்குப் பசியாற உட்காருவார்கள். அதற்கு முன்னால் வேர்வை கண்ணில் கரிக்கிறது என்று கானில் (தோட்டத்து வாய்க்காலில்) குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவுவார்கள். சிலர் வாயும் கொப்பளிப்பார்கள். பூட்ஸ், கையுறை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தவர்தான், ஆனால் கண் திறந்தபடி கான் தண்ணீர் உள்ளே போகிறது. அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் சொன்னது, குடிக்கிற தண்ணீர் போத்தலோடு கை முகம் கழுவ இன்னொரு போத்தல் கொண்டு போங்கள் என்று. மோட்டார் சைக்கிளில் கூடுதலாக ஒன்றரை லிட்டர் சுமை, அவ்வளவுதான். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். "டிரெசருக்கு வேற வேலயில்ல" என்று சிரித்தவர்கள் நிறைய.

எலியைக் குறைத்தால் நோய் குறையாதா என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு மேலே மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்களே, அது எலிக்காகத்தான். முகம் இதயம் மாதிரி வெள்ளையாக இருக்கும், சகுனம் சரியில்லை என்று நம் ஆட்கள் கல்லெறிவார்கள். எறியாதீர்கள், ஒரு சோடி குஞ்சு பொரிக்கும் காலத்தில் ராத்திரிக்கு எத்தனை எலியைக் கொண்டு வந்து போடுகிறது என்று பெட்டிக்குக் கீழே கிடக்கும் எலும்பைப் பார்த்தாலே தெரியும். எலி குறைகிறது, பழம் மிஞ்சுகிறது, அது நிர்வாகத்துக்கு லாபம். மனிதருக்கு வரும் காய்ச்சல் அதனால் எவ்வளவு குறைகிறது என்பது வேறு கணக்கு. மிச்சமிருக்கும் எலி நோயைச் சுமப்பதற்குக் கூகை தடையில்லை. லயத்தைச் சுற்றிக் குப்பை கொட்டாமல் இருப்பதும், நாய் மாட்டுக்கும் இந்தக் கிருமி வரும் என்று தெரிந்து வைத்திருப்பதும் அதே அளவு முக்கியம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, பான டப்பாவின் மூடியில் எலி பெய்து ஒருவர் செத்தார் என்று, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ந்த இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. கழுவிக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் டப்பாவைத் துடைத்துக் குடிக்கிற அதே ஆள் ஓட்டைப் பூட்ஸோடு கானில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசி நாய்க்கு உண்டு. மனிதருக்குச் சில நாடுகளில் இருக்கிறது, நம் நாட்டில் வழக்கத்தில் இல்லை. கிருமியில் இருநூறுக்கும் மேற்பட்ட வகை இருப்பதால் ஒன்றுக்குப் போட்டது இன்னொன்றுக்குக் கேட்காது. இதே காரணத்தால் அப்பாவுக்கு ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது என்றும் இருந்துவிட முடியாது. முன்கூட்டியே மாத்திரை எடுப்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கப் படைவீரர்களில் பாதிப்பேருக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும் பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, மருந்துக்காரர்களில் ஒருவருக்கு. முடிவு 1984-இல் வெளியானது. சபாவில் 2000-இல் நடந்த சாகசப் போட்டியில் சேகாமா ஆற்றில் நீந்திய பலநாட்டு வீரர்களுக்கு இந்த நோய் வந்தபோதும், அந்த மருந்து எடுத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். ஆனால் படைவீரன் மூன்று வாரம் காட்டில் இருப்பான், உங்கள் அப்பா முப்பது வருஷம் இருப்பார். வருஷக்கணக்கில் வாராவாரம் ஆண்டிபயாடிக் சாப்பிட முடியாது. வயிற்றைப் புண்ணாக்கும், வெயிலில் தோல் கருகும், நாள்பட எடுத்தவர்களிடம் பலன் எப்படி என்பதும் தெளிவாக இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு துப்புரவுக்குப் போகிறவர் மாதிரி குறுகிய காலத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது ஆகாது.

இனிப்பு நீர் இருப்பதால் இன்னொரு நோயையும் சொல்லி வைக்கிறேன். மெலியோய்டோசிஸ் என்று பெயர். அதே ஈரமண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறொரு கிருமி, இனிப்பு நீர்க்காரர்களைத்தான் தேடிப் பிடிக்கும். பகாங்கில் லுபோக் யூ என்ற நீர்வீழ்ச்சியில் 2010-இல் மூழ்கிப்போன ஒருவரைத் தேடப் போனவர்களுக்கு இந்த இரண்டு நோயும் வந்து, சிலர் இறந்தே போனார்கள். இதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, வாரக்கணக்கில் வேறு ஊசி மருந்து வேண்டும். அதனால் அப்பாவுக்கு இனி எப்போது காய்ச்சல் வந்தாலும், கிளினிக் கவுண்டரிலேயே 'இனிப்பு நீர் இருக்கு, செம்பனை வேலை, முன்னாடி எலிக் காய்ச்சல் வந்துச்சு' என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வேலைக்குப் போகலாமா என்பதற்கு, கிரியாட்டினின் இறங்கிய பிறகு டாக்டர் எழுத்தில் கொடுத்தால் போகலாம். முதல் சில மாதம் கானோரம், சதுப்பு நிலம் இல்லாத இடமாகக் கேளுங்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வாயால் கேட்டால் மறந்துபோகும், டாக்டர் கடிதத்தைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலையால் வந்த நோய் என்று சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கோரிக்கை வைக்கவும் வழி உண்டு, அதற்கு மருத்துவமனை அறிக்கையும் அவர் செய்த வேலையின் விவரமும் வேண்டும். கிடைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, கேட்காமல் விடாதீர்கள். தினமும் ராத்திரி அவருடைய பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. இனிப்பு நீரில் பாதம் மரத்துப்போனவருக்கு வெடிப்பும் கீறலும் தெரியாது. வெடிப்பு ஆறும் வரை காட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய பூட்ஸை இன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை. நான் பார்த்தவரை ஓட்டை விழுவது அடியில் இல்லை, நடக்கும்போது மடங்குகிற இடத்தில், சுண்டுவிரல் பக்கமாக, வெளியே பார்த்தால் வெறும் கோடு மாதிரித்தான் இருக்கும்.